கரடிக் காட்டில் துவக்கு



பதுளைக் கடைவீதியிலும், பசறை, லுணுகலைப் பாதையிலுள்ள தேநீர்க் கடைகளிலும் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. கரடி நடமாடும் காட்டினுள் செல்பவன் எந்தத் துவக்கை எடுத்துச் செல்ல வேண்டும், அதில் எதனைப் போட்டு நிரப்ப வேண்டும் என்பதே அக்கேள்வி. பாலைப்பழம் கனியும் ஆனி, ஆடி மாதங்களில் அதற்கு வேகம் அதிகம். ஒருவர் ஒற்றைக் குண்டே சிறந்தது என்பார். மற்றொருவர் பெரிய ரவைதான் ஏற்றது என்பார். மூன்றாமவர் தம் பாட்டனார் ஒரே வெடியில் கரடியை வீழ்த்திய கதையைத் தொடங்கிவிடுவார். தேநீர் ஆறிவிடும், கேள்வி தீராது. அதனை இன்று சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டுத் தமிழகத்து நேயர்கள் திகைத்தல் வேண்டா. அவர்கள் துப்பாக்கி என்பதனையே நாம் துவக்கு என்கிறோம். சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். இரண்டிற்கும் மூலம் துருக்கி மொழி என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். கருவி வெளியிலிருந்து வந்தது, பெயரும் அதனுடன் வந்தது. கரடியோ நமக்குப் பழையது. சங்கப் பாடல்களில் அதற்கு எண்கு என்று பெயர். புற்றைக் கிளறிக் கறையானின் கூட்டை உண்ணும் விலங்காகவே அதனைப் புலவர்கள் கண்டனர். அவர்கள் கண்டது மிகச் சரியான காட்சி என்பதனை இன்றைய விலங்கியலார் ஒப்புக்கொள்வர்.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊவா மாகாணம் என்பது பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்கள் சேர்ந்தது. நமுனுகலை, அப்புத்தளை, மடுல்சீமை முதலிய தேயிலை மலைகளில் கரடியைக் காண்பதில்லை. அங்கே காட்டுப்பன்றி உண்டு, சிறுத்தையும் உண்டு. தோட்டத்து மக்கள் புலி என்று சொல்வது இச்சிறுத்தையையே. இலங்கையில் புலி கிடையாது. கரடி வறண்ட தாழ்நிலத்து விலங்கு. பெரும்பாலும் 1,000 அடிக்குக் கீழேதான் அதன் வாழ்வு. ஆனால், ஊவாவில் மேட்டுநிலத்திற்கும் தாழ்நிலத்திற்கும் இடையே தொலைவு அதிகமில்லை. மடுல்சீமை மலை விளிம்பில் நின்று நோக்கினால் கீழே காடு கடல்போல் விரிந்து கிடக்கும். லுணுகலையிலிருந்து பேருந்தில் ஏறியவன் சிறிது நேரத்தில் பிபிலையில் இறங்கிவிடுகிறான். எல்லவிலிருந்து இறங்கும் பாதை வெல்லவாயவிலும், பதுளையிலிருந்து வடக்கே செல்லும் பாதை மஹியங்கனையிலும் போய்ச் சேர்கின்றன. இவ்வூர்களைச் சூழ்ந்த காடுகளிலும், நில்கலவின் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிறைந்த புல்வெளிக் காடுகளிலும், தெற்கே யால வரையிலும் கரடி உண்டு.

தோட்டத்தில் வேலை குறைந்தபோது பலர் தாழ்நிலத்திற்கு இறங்கினர். சிலர் சேனைப் பயிர் செய்தனர். சிலர் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். சிலர் தேனும் நெல்லிக்காயும் பாலைப்பழமும் சேர்க்கக் காட்டினுள் நுழைந்தனர். சிறுவயது முதல் காட்டினருகே வளர்ந்தவனுக்குத் தெரியும் எச்சரிக்கைகள் லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரிய நியாயமில்லை. ஆகையால்தான் இப்பேச்சு.

நம் நாட்டுக் கரடி இந்தியாவில் உள்ள அதே இனத்தின் ஒரு பிரிவு. கறையான், எறும்பு, தேன், பழம் ஆகியவையே அதன் உணவு. மேல்வரிசை முன்பற்களில் நடுவிலுள்ள இரண்டு அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சி எடுக்கும். அவ்வொலியை நெடுந்தூரத்திலிருந்தே கேட்கலாம். மனிதனை இரையாகக் கொள்ளும் எண்ணம் அதற்கில்லை. பின் ஏன் தாக்குகின்றது? அதன் பார்வை கூர்மையானதன்று. தலையைப் புற்றினுள் நுழைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது காதும் அதிகம் உதவாது. மனிதன் பத்தடிக்குள் வந்தபின்னரே திடுக்கிட்டுத் திரும்புகின்றது. மானைப்போல் பாய்ந்தோட அதனால் இயலாது. குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் தாய்க்கு மரமேறித் தப்பும் வழியுமில்லை, சிறுத்தையும் மரமேறும். எனவே, எதிர்த்துப் பாய்வதே அதன் தற்காப்பு. எழுந்து நின்று, நீண்ட நகங்களால் மனிதனின் முகத்தையும் தலையையும் தாக்கும். காயம் பட்டவர் பலர் உயிர் பிழைப்பர். ஆயின், கண்ணையோ மூக்கையோ இழந்து பிழைப்பர்.

இப்பொழுது துவக்கிற்கு வருவோம்.

ஊவாவில் துவக்கென்றதும் பழையவர்கள் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேயரை நினைப்பர். பதுளையில் அரசாங்கப் பதவி வகித்த அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று கூறப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதே. அக்காலத்து வேட்டைக்காரத் துரைமாரின் வீரக்கதைகளைக் கேட்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். துரைக்குப் பின்னால் நிரப்பிய துவக்குகளை ஏந்திக்கொண்டு ஆட்கள் நடந்தனர். ஒன்றைச் சுட்டுவிட்டுக் கையைப் பின்னே நீட்டினால் அடுத்தது கைக்கு வரும். துவக்கு ஏந்தி நடந்த அம்மனிதர்களின் பெயர்களை எந்தத் தேவாலயச் சுவரும் சொல்லவில்லை. தேன் எடுக்கச் செல்லும் நம்மவனுக்குப் பின்னால் அப்படி எவரும் நடப்பதில்லை.

நம் கிராமங்களில் உரிமம் பெற்றுப் பயிர்க்காவலுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு. பன்னிரண்டு என்பதன் பொருள் பலருக்குத் தெரியாது. நான் கலைப்பட்டதாரி, இக்கணக்கை எங்கள் பள்ளியின் கணித ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பின்னரே எனக்கு விளங்கிற்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவே அத்துவக்குக் குழலின் உள் அகலம். அது சுமார் 18.5 மில்லிமீற்றர். பதினாறாம் இலக்கம் என்றால் இறாத்தலுக்குப் பதினாறு உருண்டை. ஆகவே குழல் சிறியது. இலக்கம் கூடக் குழல் குறையும்.

அந்தக் குழலுள் செல்லும் தோட்டாவில்தான் வேறுபாடு பெரிது. ஆறாம் இலக்க ரவையில் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 270 சிறு மணிகள் இருக்கும். எஸ்.ஜி. என்று தோட்டாவின்மீது அச்சிட்டிருப்பதில் அவுன்சுக்கு எட்டே மணிகள், எல்.ஜி.யில் ஆறு. எஸ்.ஜி.யின் ஒரு மணி ஆறாம் இலக்கத்தின் ஒரு மணியைவிட முப்பது மடங்குக்கு மேல் கனமானது. கனமான மணி ஆழமாகச் செல்லும். இலேசான மணி தோலோடு நின்றுவிடும். கரடிக்கோ நீண்டு அடர்ந்த சடைமயிர். அதனால் உடல் எங்கே தொடங்குகிறது, வெறும் மயிர் எங்கே முடிகிறது என்பதே கண்ணுக்குப் புலப்படாது. இருபது, முப்பது அடிக்கு அப்பால் பறவை ரவையால் கரடியைச் சுடுவது அதனைக் கோபமூட்டுவதற்கே பயன்படும்.

அப்படியாயின் எஸ்.ஜி. நிரப்பிக்கொண்டால் கவலை தீர்ந்ததா? இங்கேதான் தேநீர்க் கடை நிபுணர்கள் வழுக்கி விழுகின்றனர். ரவை விசிறிபோல் விரியும், ஆகவே குறி பார்க்க வேண்டியதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. சாதாரணக் குழலிலிருந்து செல்லும் ரவை யார் ஒன்றுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலேதான் ஏறக்குறைய விரிகின்றது. ஐந்து யார் தூரத்தில் அது ஓர் உள்ளங்கை அகலத்தைச் சிறிதே தாண்டும். பாய்ந்து வரும் விலங்கை அத்தூரத்தில் குறி தவறினால், தவறியது தவறியதே. முப்பது யாருக்கு அப்பாலோ அந்த எட்டொன்பது மணிகளும் சிதறி, ஒன்றிரண்டு மட்டும் பட்டுக் கரடி காயத்தோடு பற்றைக்காட்டினுள் நுழையும். மறுநாள் அவ்வழியே வரும் விறகுப் பெண் அதன் விலையைச் செலுத்துவாள்.

ஒற்றைக் குண்டு ஆழமாக ஊடுருவும் என்பது உண்மை. ஆனால் ரவைத்துவக்கின் குழலில் புரியில்லை. தூரம் கூடினால் குறி தளரும். சில துவக்குகளின் இடக்குழல் வாயருகே சற்று ஒடுங்கியிருக்கும். அக்குழலுக்குப் பொருந்தாத குண்டைச் செலுத்துவது குழலுக்கும் ஆபத்து, பிடித்திருப்பவனுக்கும் ஆபத்து. இரட்டைக் குழலில் ஒன்றில் பறவை ரவையும் மற்றதில் எஸ்.ஜி.யும் நிரப்பும் வழக்கமும் உண்டு. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது எந்த விசை எதற்கென்று நன்றாக நினைவிருக்கும். கரடி எதிரே நிற்கும்போது விரல் எதனை இழுக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. காவலுக்கென்று கொண்டுசெல்பவன் இரண்டிலும் ஒரே வகையை நிரப்புவதே அறிவு.

வாய்வழி நிரப்பும் நாட்டுத் துவக்கின் நிலை இன்னும் மோசம். மருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, நீண்ட கோலால் இடித்து, ரவையையோ குண்டையோ இட்டு, மறுபடி தக்கை வைத்து இறுக்கி, பின்பு வெடிமூடியைப் பொருத்த வேண்டும். பழகிய கைக்கும் அரை நிமிடத்திற்குக் குறையாது. ஆகையால் அதற்கு ஒரே வெடிதான். பின்பு அது வெறும் தடி. மருந்து கூடினால் குழல் பிளக்கும். நிரப்பியபடியே சில நாள் மூலையில் சாத்தி வைத்தால், மார்கழி மழையின் ஈரத்தில் மருந்து நமுத்துப்போகும். குதிரை விழும், மூடி படீரென்னும், குழல் மௌனமாயிருக்கும். வெடித்தாலும் கரும்புகை கண்ணை மறைக்கும்; கரடி விழுந்ததா வருகின்றதா என்று புகை கலையும்வரை தெரியாது.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். கரடி ஓட்டத்தில் மனிதனை எளிதில் வெல்லும். அதன் வேகம் மணிக்கு 30 கி.மீ. என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வினாடிக்கு எட்டு மீற்றருக்கு மேல். பற்றைக்காட்டில் பத்து மீற்றர் தொலைவில் கரடியைக் கண்டால், துவக்குக்காரனுக்குக் கிடைப்பது ஒரு வினாடியும் சில நொடித்துளிகளும். அதற்குள் தோளிலிருந்து கழற்றி, குதிரையை இழுத்து, அடிக்கட்டையைத் தோளில் பதித்து, குறி பார்த்து, விசையை அழுத்த வேண்டும். அதற்காகக் குதிரையை இழுத்தபடியே நடப்போமென்றால், வேர் தடுக்கி விழுகையில் முன்னே செல்லும் தோழனின் முதுகு இருக்கின்றது.

எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தையார் முகத்தில் புருவத்திலிருந்து தாடை வரை வடு உள்ளது, இடக்கண் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எப்பொழுதும் கடைசி வாங்கில் அமர்வார். பிபிலைப் பக்கத்துக் காட்டில் தேன் தேடிச் சென்றபோது நேர்ந்தது என்றார். “கையில் ஒன்றும் இல்லையா ஐயா?” என்று கேட்டேன். “துவக்கு இருந்தது சேர். தோளில் இருந்தது. பிறகு என் தம்பி போய் எடுத்துவந்தான். போட்ட மருந்து போட்டபடியே இருந்தது” என்றார். அதனை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. சந்தைக்குப் போய் வந்த செய்திபோல் சொன்னார்.

இது ஏழை நாட்டின் பழைய துவக்கிற்கு மட்டும் உரிய குறையென்று எண்ண வேண்டா. வட அமெரிக்காவின் அலாஸ்காவில் நம் கரடியைவிடப் பன்மடங்கு பெரிய பழுப்புக் கரடிகள் உள்ளன. அங்குள்ளோரிடம் ஆற்றல் மிகுந்த துவக்குகளும் உள்ளன. அந்நாட்டில் 1883 முதல் 2009 வரை துவக்கு வைத்திருந்தவர்கள் கரடியை எதிர்கொண்ட 269 நிகழ்ச்சிகளைச் சில ஆய்வாளர்கள் திரட்டி 2012இல் வெளியிட்டனர். தாக்க வந்த கரடியைச் சுட்டவர்களுக்கும், துவக்கிருந்தும் சுடாதவர்களுக்கும் நேர்ந்த காயங்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. நேரமின்மை, தோட்டா நிரப்பாமை, பூட்டை விடுவிக்க மறத்தல், குறி தவறுதல் ஆகியவை அங்கும் இருந்தன. அதே ஆய்வாளர்கள், மிளகாய்ச் சாற்றைத் தெளிக்கும் கைக்குப்பி மிகப் பெரும்பாலும் பயன் தந்ததென முன்னரே எழுதியிருந்தனர். அக்குப்பி நம் கடைகளில் கிடைக்கும் பொருளன்று. ஆதலின் அதனை இத்துடன் விடுகிறேன்.

நமக்கு அருகிலேயே பார்க்கத்தக்க மனிதர் இருக்கின்றனர். ஊவாவின் தம்பானை, நில்கலப் பகுதிகளில் வேடர் குலத்தார் தலைமுறை தலைமுறையாகக் கரடியோடு ஒரே காட்டைப் பகிர்ந்து வாழ்ந்தவர்கள். 1911இல் வேடர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், விலங்குகளை விலக்க அவர்கள் ஓதும் மந்திரங்களையும் குறித்துள்ளனர். வேடரின் தோளில் எப்பொழுதும் தொங்குவது சிறு கோடரி. படம் பிடிப்போர் அதனை அலங்காரமென எண்ணுவர். தேனடையுள்ள மரப்பொந்தைப் பிளக்கவும், விறகு வெட்டவும், கரடி மேலே விழுந்துவிட்டால் அடிக்கவும் அது ஒன்றே. அதற்கு மருந்து வேண்டா, மூடி வேண்டா, ஈரத்தால் கெடாது. தோளிலிருந்து கைக்கு வரக் கணப்பொழுது போதும். கோடரியால் கரடியை வெல்லலாம் என்று நான் கூற வரவில்லை. கைகலக்கும் தூரத்தில் எது உதவும் என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர், அவ்வளவே.

அதைவிட முக்கியம் அவர்கள் காட்டைக் கேட்டுக்கொண்டே நடப்பது. உறிஞ்சும் ஒலி, புதிதாய்க் கிளறிய புற்றின் ஈரமண், மரப்பட்டையில் நகக்கீறல், பாலை மரத்தடியில் முறிந்து கிடக்கும் கிளை, இவை அடையாளங்கள். இவை தெரியாத நம்மவர் செய்யத்தக்கது எளிது. தனியே செல்லலாகாது, நால்வராய்ச் செல்க. உரக்கப் பேசிக்கொண்டோ தகரத்தைத் தட்டிக்கொண்டோ செல்க. குஜராத் மாநிலத்துச் சிற்றூர்களில் மணி கட்டிய கோலை ஊன்றி நடக்கும் வழக்கமுண்டு; அந்த ஓசை கேட்டுக் கரடி முன்னதாகவே விலகுகின்றது. திடுக்கிடாத கரடி பெரும்பாலும் தாக்காது. விடியலிலும் அந்தியிலும், பழுத்த பாலை மரத்தடியிலும், பாறை இடுக்குகளிலும் இருமடங்கு கவனம் தேவை.

துவக்கைப் பற்றிய பேச்சில் இன்னொன்றைச் சொல்லாமல் விட இயலாது. பன்றிக்கென்று பாதையோரத்தில் கம்பி கட்டி, காலில் தட்டுப்பட்டவுடன் தானே வெடிக்கும்படி வைக்கும் கட்டுத்துவக்கு நம் மாகாணத்தில் இன்னும் உள்ளது. அது சட்டவிரோதமானது. மனிதனும் பன்றியும் அதற்கு ஒன்றே. வெடிப்பது முழங்காலுயரத்தில், ஆகவே இழப்பது கால். கரடி காயம்பட்டுத் திரிவதற்கும் இது ஒரு காரணம். தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் கம்பித் தடமும் இதன் உடன்பிறப்பே. 2020இல் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அத்தகைய தடத்திற் சிக்கிப் பின்பு இறந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். காட்டுக்குள் கரடிக்கு அஞ்சித் துவக்குக் கேட்போர், ஊருக்குள் அயலவன் வைத்த துவக்கிற்கு அஞ்சாதிருப்பது எனக்கு விளங்காத விந்தை.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். அப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பயிர்க்காவலுக்குத் தரப்பட்ட பத்திரம் காட்டினுள் துவக்கோடு திரிவதற்கான அனுமதி ஆகாது. கரடியோ 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் பல், நகம், நெய் என்று எதனை வைத்திருந்தாலும் வழக்கு வரும். வாதத்திற்குக் கரடிநெய் பூசினால் நலமென்று கூறும் பெரியவர்கள் இதனையும் கருத்திற் கொள்க.

எல்லாக் கவனத்தையும் மீறிக் கரடி பாய்ந்துவிட்டால் ஓடுதல் பயனற்றது. கையிலுள்ள தடியாலோ கோடரியாலோ தடுக்க முடியாத நிலையில் குப்புற விழுந்து, முகத்தை மண்ணோடு பதித்து, இரு கைகளையும் கழுத்தின் பின்னே கோத்துக்கொண்டு அசையாது கிடத்தல் வேண்டும். முகமும் கண்ணும் தப்புவது அதனால்தான். ஆபத்து நீங்கியதெனக் கரடி பெரும்பாலும் விரைவில் விலகிச் செல்லும். உடன் வந்தவர்கள் ஓடிவிடாமல் ஒன்றாய்க் கூடிக் கூச்சலிட்டால் இன்னும் விரைவில் விலகும். பின்பு காயத்தைச் சவர்க்காரமிட்டு நிறைய நீரில் கழுவி, தூய துணியால் அழுத்திக் கட்டி, அன்றைக்கே வைத்தியசாலை சேர்க்க வேண்டும். மஞ்சளும் சாணமும் அப்பலாகாது. தையலோடு ஏற்பு ஊசியும், நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியும் தேவைப்படும். கடித்தது நாயன்று, கரடிதானே என்று அவ்வூசியைத் தவிர்த்துவிட வேண்டா.